சின்னத்திரையில் எள்ளலும் நகையும்

எண்வகை மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்திய தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார். அழுகையை அதற்கு அடுத்தே வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றும் வகுத்தார். எள்ளல் ஒன்று; இளமை, பேதைமை, மடன் என்பன மற்ற மூன்று. இப்பகுதியை மாணவர்க்குப் பாடம் சொல்லும்போதெல்லாம், எள்ளல் ஒன்றுதான் பிறரைத் தாழ்த்துவது, ஏனைய மூன்றும் குற்றமற்ற நகை என்று பல ஆண்டுகள் சொல்லி வந்தேன். அவ்வாறு சொன்னது முழுதும் சரியன்று என்பதை எனக்குக் கற்பித்தது நூலன்று. தல்லாகுளத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியும், அதன் முன் தரையில் அமர்ந்திருக்கும் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனுமே அதனைக் கற்பித்தவர்கள்.

அவன் என் தமக்கையாரின் மகள் வயிற்றுப் பிள்ளை. என்னைச் ‘சின்ன நன்னா’ என்று அழைப்பான். அழைக்காத நாள்களே மிகுதி. அவனுக்கு வாய்த்திருப்பது ஆட்டிசம் என வழங்கும் நிலை. தமிழில் அதற்கு இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. மதியிறுக்கம் என்பர் சிலர். தன்முடக்கம் என்பர் வேறு சிலர். அரசு ஆவணங்களிலோ ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்னும் தொடர் காணப்படுகிறது. இக்கடைசிப் பெயரை ஆக்கியவர் எங்கள் பேரனோடு ஒரு பிற்பகலேனும் இருந்திருப்பாராயின் அதனை ஆக்கியிருக்க மாட்டார். மின்விசிறியின் ஓசை சற்றே மாறினாலும் வீட்டில் முதலில் அறிபவன் அவன். தமுக்கம் மைதானத்தில் பொருட்காட்சி நடக்கும் நாள்களில், எங்கள் செவிக்கு எட்டாத ஒலிபெருக்கி அவன் செவிக்கு எட்டிவிடும். சித்திரையில் அழகரை எதிர்கொள்ளத் தல்லாகுளமே திரண்டு நிற்கும் இரவில், அவன் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு உள்ளறையின் மூலையில் ஒடுங்கிவிடுவான். புற உலகம் அவனுக்கு இல்லாமற் போகவில்லை. அளவுக்கு மீறி இருக்கிறது. மதியிறுக்கம் என்ற சொல்லிலும் எனக்கு நிறைவில்லை. ஆயினும் வாசகர்கள் அறிந்த சொல் என்பதால் அதனையே இங்கு ஆள்கிறேன்.

இலக்கியத் திங்களிதழில் தொலைக்காட்சி நகைச்சுவையை ஆராய்வது தகுமோ என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். நம் வீடுகளில் கவிதை நூல் திறக்கப்படும் நேரத்தையும் இப்பெட்டி திறந்திருக்கும் நேரத்தையும் அவர்கள் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பார்களாக. 2005ஆம் ஆண்டு தொடங்கிய ‘கலக்கப் போவது யாரு’ போன்ற பலகுரல் நிகழ்ச்சிகளும், திரைப்படங்களிலிருந்து வெட்டியெடுத்த நகைச்சுவைத் துண்டுகளையே நாள் முழுதும் ஒளிபரப்புவதற்கென எழுந்த ஆதித்யா, சிரிப்பொலி ஆகிய அலைவரிசைகளும், ஒரு தலைமுறைக்குப் பேச்சையும் பழக்கத்தையும் கற்பித்துவிட்டன. மக்களின் பேச்சை ஆக்குவது எதுவோ அதுவே திறனாய்வுக்கு உரிய பொருள்.

இந்நிகழ்ச்சிகளில் மதியிறுக்கம் எப்படிக் காட்டப்படுகிறது என்று தேடினால், முதலில் ஏமாற்றமே மிஞ்சும். அப்பெயருடைய பாத்திரம் நகைச்சுவையில் தென்படுவதே இல்லை. ஆனால் அதன் குணங்களோ எங்கும் சிதறிக் கிடக்கின்றன. கண்ணைப் பாராமல் வேறெங்கோ பார்த்தல், கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்லுதல், சொன்னதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளுதல், கையை உதறுதல், விரல் நுனியில் நடத்தல் ஆகிய யாவும் ‘லூசு’, ‘அரைலூசு’, ‘மெண்டல்’ என்று அழைக்கப்படும் பாத்திரங்களுக்குப் பங்கிட்டுத் தரப்பட்டுள்ளன. பெயரை விட்டுவிட்டுக் குணத்தை மட்டும் எடுத்தாள்வதில் ஒரு வசதி உண்டு. யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், எவரையும் சொல்லவில்லை என்று விடை கூறிவிடலாம். அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் இதே கதைதான். ‘தி பிக் பேங் தியரி’ என்னும் நகைச்சுவைத் தொடர் 2007 முதல் 2019 வரை ஓடியது. அதில் வரும் ஷெல்டன் கூப்பர் என்னும் இயற்பியலாளனின் நடத்தையைக் கண்ட பார்வையாளர் பலர் அவனை மதியிறுக்கமுடையவன் என்றே கொண்டனர். தொடரை ஆக்கியவர்களோ அவ்வாறு கருதி எழுதவில்லை என்றனர். பெயரிட்டால் சிரிப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும். பெயரிடாவிட்டால் சிரிப்பு மட்டும் எஞ்சும்.

நம் நாட்டுக்கு வருவோம். 1977இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வெளிவந்தது. அதில் கமல்ஹாசன் ஏற்ற பாத்திரத்துக்குக் கோபாலகிருஷ்ணன் என்று ஒரு பெயர் உண்டு. ஊர் அவனைச் சப்பாணி என்றே அழைக்கிறது. கால் சற்றே இழுக்கும். வாயில் வெற்றிலைச் சாறு. சொன்ன வேலையைச் செய்வான். ஏச்சை ஏச்செனக் கொள்ள மாட்டான். அவனுக்கு என்ன நோய் என்று படம் சொல்லவில்லை. நானும் மருத்துவன் அல்லேன். படத்தின் நடுவே மயில், இனி அப்பட்டப் பெயரால் அழைப்பவரைக் கன்னத்தில் அறைந்துவிடுமாறு அவனுக்குக் கற்பிக்கிறாள். அவன் அவ்வாறே செய்கிறான். அதுவரை சப்பாணியைப் பார்த்துச் சிரித்த கொட்டகை, அந்த அறையின் ஓசையில் தன் சிரிப்பைத் தானே திரும்பிப் பார்க்க நேர்கிறது. பாரதிராஜா நம்மைச் சிரிக்க வைத்தார். சிரித்ததற்கு விலையும் கேட்டார். படத்தின் வலிமையே அங்குதான் உள்ளது என்பது என் கருத்து.

தொலைக்காட்சி என்ன செய்தது? அறையை விட்டுவிட்டு நடையை மட்டும் எடுத்துக்கொண்டது. பலகுரல் மேடையில் சப்பாணி எத்தனை முறை வந்திருப்பான் என்று எண்ணிச் சொல்ல இயலாது. இழுத்து நடக்கும் கால், கோணிய வாய், குழறும் பேச்சு, அவ்வளவுதான். கோபாலகிருஷ்ணன் என்ற பெயரை மேடையில் ஒருமுறையும் நான் கேட்டதில்லை. அரபு இலக்கணத்தில் எழுவாயை நிறுத்திப் பயனிலையை மறைத்தால் வாக்கியம் தொங்கி நிற்கும். கேட்பவன் தனக்குத் தோன்றிய பயனிலையை இட்டு நிரப்பிக்கொள்வான். துண்டுக் காட்சிகளின் இயல்பும் இதுவே. முழுப்படத்தில் நீதி கேட்ட பாத்திரம் துண்டில் வெறும் கோமாளியாகிறது. தெருவில் விளையாடும் பிள்ளைகள் எங்கள் பேரனைச் சப்பாணி என்று கூப்பிட்டபோது, அவன் கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். அவர்கள் படத்தைப் பார்த்தவர்கள் அல்லர். அச்சொல்லுக்குக் கால் ஊனம் என்று பொருள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தொலைக்காட்சி வழியாக வந்த பொருள் வேறு.

1991இல் வந்த ‘சின்னத்தம்பி’யை இங்கே ஒருசொல் குறித்துவிட்டு மேற்செல்கிறேன். அதில் தாலியின் பொருளே அறியாத வெள்ளைமனத்தவனாக நாயகன் வருகிறான், அது புனிதம். அதே படத்தில் கவுண்டமணிக்கு மாலைக்கண், அது வேடிக்கை. ஒருவனுக்கு அறியாமையால் காதல் கிட்டுகிறது, மற்றவனுக்குப் பார்வைக் குறையால் உதை கிட்டுகிறது. இரண்டையும் ஒரே கொட்டகையில் ஒரே சீட்டுக்குப் பார்த்தவர்கள் நாம்.

சொன்னதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்வதை மேலே குறிப்பிட்டேன். அதைச் சற்று விரிக்க வேண்டும். மதரஸாவில் பலாகா என்னும் அணியியலைக் கற்பிக்கும்போது, ஹகீகத், மஜாஸ் என்று சொற்பொருளை இரண்டாகப் பிரிப்போம். நேர்ப்பொருள் ஒன்று, பெயர்ந்த பொருள் ஒன்று. சிங்கத்தைக் கண்டேன் என்பது முன்னது. சிங்கம் வில்லெடுத்து வந்தது என்பது பின்னது. எங்கள் பேரன் ஹகீகத்தில் குடியிருப்பவன். ஒருநாள் கடைவீதிக்குப் புறப்படும்போது, “கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள வந்துருவேன்” என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தான். அவன் கண்ணை மூடினான், திறந்தான், நான் வரவில்லை. மறுபடியும் மூடினான், திறந்தான். ஒரு மணி நேரம் அதைச் செய்திருக்கிறான். தவறு யாருடையது? பொய் சொன்னவன் நான்.

இந்த நேர்ப்பொருள் நகைக்குத் தமிழில் நல்ல முன்னோடி உண்டு. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில், குதிரையிலிருந்து விழுந்த குருவின் தலைப்பாகையைச் சீடர்கள் எடுக்காமல் வருகிறார்கள். விழுவதையெல்லாம் எடுக்க வேண்டாமா என்று குரு கடிந்துகொள்ள, குதிரைச் சாணத்தையும் ஏந்திக்கொள்கிறார்கள். எதை எடுக்கலாம் என்று குரு பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். பின்னர் அவரே பள்ளத்தில் விழுந்தபோது, பட்டியலில் அவர் பெயர் இல்லையாதலால் அவரைத் தூக்க மறுக்கிறார்கள். நாம் சிரிப்பது சீடர்களை மட்டும் நினைத்தன்று. எல்லாவற்றையும் கட்டளையாக்க முயன்ற குருவும் சேர்ந்தே விழுகிறார். 1989இல் வெளியான ‘கரகாட்டக்கார’னின் புகழ்பெற்ற வாழைப்பழக் காட்சியும் இவ்வகையே. இரண்டு பழம் வாங்கச் சொன்னார் கவுண்டமணி. ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொண்டுவந்தார் செந்தில். இன்னொன்று எங்கே என்ற கேள்விக்கு, கையிலிருப்பதே அந்த இன்னொன்று என்று விடை. அடி விழுகிறது உண்மைதான். ஆனால் வாதத்தில் வென்றவர் எவர்? தர்க்கம் கற்ற எந்த மாணவனும் செந்தில் பக்கமே தீர்ப்பளிப்பான். ஆத்திரத்தில் துள்ளிக் குதிக்கும் கவுண்டமணியைப் பார்த்துத்தான் நாம் அதிகம் சிரிக்கிறோம். இக்காட்சியை எங்கள் பேரன் எத்தனை நூறு முறை பார்த்திருப்பானோ தெரியாது. ஒவ்வொரு முறையும் செந்திலின் விடை முடிந்ததும் தலையசைப்பான். விடை சரியென்பது அவன் துணிபு.

ஆகவே மதியிறுக்கத்தின் குணம் எதனையும் நகைச்சுவையில் காட்டவே கூடாது என்று வாதிடும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லேன் நான். பேச்சின் ஓட்டையைக் கண்டு சிரிப்பது வேறு. ஓட்டையில் கால் சிக்கியவனைக் கண்டு சிரிப்பது வேறு. செந்திலின் பழத்தில் முன்னது இருக்கிறது. பலகுரல் மேடையின் சப்பாணியில் பின்னது மட்டுமே உண்டு.

இனி, எனக்கே வெட்கம் தரும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பேரன் தானாக அமைத்துப் பேசும் வாக்கியங்கள் மிகச் சில. மற்றவையெல்லாம் தொலைக்காட்சியில் கேட்டவை. அவற்றிலும் பெரும்பகுதி வடிவேலு பேசியவை. மதுரை மண்ணில் பிறந்த கலைஞர் என்பதால் அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கம் எங்கள் வீட்டுப் பேச்சோடு ஒட்டிக்கொள்கிறது போலும். சோறு வேண்டாமென்றால் ஒரு காட்சி; விருந்தினர் எழுந்து போகாவிட்டால் ஒரு காட்சி. குரல், மூச்சு, இடைநிறுத்தம் எதுவும் பிசகாது. வந்தவர்களெல்லாம் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவன் தரையில் படுத்துக்கொண்டு, 2001இல் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழும் காட்சியின் பேச்சை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜும்ஆ முடிந்து வந்த உறவினர் சூழ்ந்து நின்று சிரித்தனர். நானும் சிரித்தேன். அவன் ஓயவில்லை. மாலையில் உடம்பு கொதித்தது. மருத்துவர் பார்த்தபோது இடது காதில் சீழ் கட்டியிருந்தது. தலை வலிக்கிறது என்று காலையிலிருந்தே அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அதைச் சொல்ல அவனிடம் இருந்த வாக்கியம் அதுதான்.

இப்படிக் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பேச்சை மருத்துவ நூலார் எக்கோலேலியா என்பர். எதிரொலிப் பேச்சு எனலாம். மதியிறுக்கத்தை 11 குழந்தைகளின் வரலாறுகளோடு 1943இல் விளக்கியவர் அமெரிக்காவில் பணியாற்றிய லியோ கானர். அவரே 1946இல், இக்குழந்தைகளின் பொருளற்றதாகத் தோன்றும் தொடர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு சிறுவன், எதையேனும் எறியத் தோன்றும்போதெல்லாம், நாயை மாடியிலிருந்து எறியாதே என்ற கருத்துடைய ஒரு தொடரைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். அருகில் நாயும் இல்லை, மாடியும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுதியின் மாடத்திலிருந்து பொம்மை நாயை எறிந்தபோது அவன் தாய் கடிந்து சொன்ன சொல் அது. எறியாதே என்ற பொதுவிதி அவனிடத்தில் அந்த உருவத்தில் தங்கிவிட்டது. அச்சொல் பிறந்த இடம் தெரிந்தால் பொருள் விளங்கும் என்று கானர் காட்டினார். திருவசனங்களுக்கு விளக்கம் காணும்போது, அவை எச்சூழலில் அருளப்பெற்றன என்று அறிய நம் முஃபஸ்ஸிர்கள் எத்துணைப் பாடுபட்டார்கள்! சிறுவன் ஒருவனின் சொல்லுக்கும் ஒரு சூழல் இருக்கக்கூடும் என்பது, அக்கல்வியில் தலை நரைத்த எனக்குத் தோன்றவில்லை.

தோன்றிய தந்தை ஒருவர் உண்டு. ரான் சஸ்கிண்ட் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளரின் மகன் ஓவன் மூன்று வயதளவில் பேச்சை இழந்தான். டிஸ்னி நிறுவனத்தின் கேலிப்படங்களை மட்டும் ஓயாது பார்த்து வந்தான். ஒருநாள் தந்தை, ‘அலாவுதீன்’ படத்தில் வரும் கிளியின் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு, போர்வைக்குள் ஒளிந்து, அக்கிளியின் குரலில் மகனிடம் பேசினார். மகன் கிளிக்கு விடை சொன்னான். இவ்வரலாறு 2014இல் ‘லைஃப், அனிமேட்டட்’ என்ற நூலாகவும் 2016இல் ஆவணப்படமாகவும் வந்தது. பயன்படாத பொழுதுபோக்கு என்று நாம் தள்ளும் படங்களே ஒரு பிள்ளைக்கு அகராதியாயின. வடிவேலுவைக் குறித்து நான் முன்பு கொண்டிருந்த இளக்காரத்தை இதன்பின் விட்டுவிட்டேன். வலி, அச்சம், அவமானம், பசி, பொய்வீரம் என்று மனிதனின் எளிய உணர்ச்சிகளுக்கெல்லாம் அவர் ஒரு முகமும் ஒரு குரலும் ஆக்கி வைத்திருக்கிறார். அவற்றைத் தாமாகச் சொல்லத் தெரியாத ஒருவனுக்கு அது பெரும் கொடை.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். எதிரொலிப் பேச்சு எங்கள் பேரனுக்கு மட்டுமா இருக்கிறது? தமிழ்நாடு முழுதுமே வடிவேலுவின் வாயால் பேசிக்கொண்டிருக்கிறது. அலுவலகத்தில், பேருந்தில், சட்டமன்றச் செய்தியின் கீழ், இழவு வீட்டின் திண்ணையில் கூட. 2019 மே மாதத்தில், சுத்தியல் விழுந்த அந்த நேசமணிக்காகப் பிரார்த்திக்க வேண்டுமென்று எவரோ தொடங்கிய விளையாட்டு, இணையம் வழியே உலகெங்கும் பரவியது. நாம் செய்தால் அது சமயோசிதம். அவன் செய்தால் அது நோய்க்குறி. மடம் என்பதற்கு உரையாசிரியர்கள், கற்பித்ததைக் கொண்டு, கொண்டதை விடாமை என்று பொருள் உரைத்தார்கள். அந்த இலக்கணத்துக்கு நாம் அனைவரும் பொருந்துகிறோம். அவன் தேவைக்குச் சொல்கிறான், நாம் பெருமைக்குச் சொல்கிறோம் என்பதே வேற்றுமை.

பார்வையாளர் இதனை எப்படி ஏற்கிறார்கள் என்பதற்கு ஒரு திருமண வீட்டைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டா. பந்தி முடிந்த நேரத்தில் இளைஞர் சிலர் பேரனை நடுவில் நிறுத்தி, அந்தக் காட்சி சொல், இந்தக் காட்சி சொல் என்று கேட்டுக் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். தன்னோடு பேச இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்ற களிப்பில் அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். நிறுத்தியபோது அவர்கள் அடுத்த வேடிக்கைக்குப் போய்விட்டார்கள். அவனோ அவ்விடத்திலேயே நெடுநேரம் நின்று அடுத்த காட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவ்விளைஞர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒருவர் பின்னர் வந்து அவனுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். பலகுரல் மேடையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஒருவன் இப்படிப் பேசினால் செய்ய வேண்டியது கைதட்டுவதுதான் என்று பழகிவிட்டது.

வேறொரு வகையினர் அன்புடையோர். அவர்கள் கேட்கும் கேள்வி, இந்தப் பிள்ளைக்கு என்ன தனித்திறமை என்பது. 1988இல் வந்த ‘ரெய்ன் மேன்’ படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் ஏற்ற பாத்திரம் எண்களை மின்னல் வேகத்தில் கணிக்கும். 2010இல் ஷாருக்கான் நடித்த ‘மை நேம் இஸ் கான்’ படத்தின் ரிஸ்வான் கான் எதையும் பழுதுபார்ப்பான். நம் சமுதாயத்தவன் ஒருவனை, மதியிறுக்கமுடையவனாகவும் மானமுடையவனாகவும் இந்திய வெண்திரை காட்டியது என்ற அளவில் அப்படத்தின்பால் எனக்கு மதிப்புண்டு. எனினும் அவன் நாட்டின் அதிபரைக் காணவும் வெள்ளத்தில் மூழ்கிய ஊரைக் காக்கவும் நேர்கிறது. இத்தனையும் செய்தால்தான் ஒருவன் மனிதன் என்று ஒப்புக்கொள்ளப்படுவானா? என் மருமகள் அக்கேள்விக்கு, “ஒன்னும் இல்லைங்க, அவன் எங்க புள்ள” என்று விடை சொல்வாள். நான் கேட்ட விடைகளுள் அதைவிடச் செறிவானது இல்லை.

அரபு இலக்கியம் இவ்வகையில் தூயது என்று மார்தட்ட எனக்கு உரிமையில்லை. ஹிஜ்ரி 597இல் பக்தாதில் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள், அறிவிலிகளும் கவனமற்றோரும் பற்றிய செய்திகளைத் திரட்டி ஒரு நூலே செய்தார்கள். மதரஸா மாணவர் மறைவாகப் படித்துச் சிரிக்கும் நூல் அது. அதன் முகப்பில், இச்செய்திகளைக் கேட்கும் அறிவுடையோன் தனக்கு அருளப்பட்டதன் மதிப்பை உணர்ந்து நன்றி செலுத்துவான் என்பதையும் ஒரு காரணமாகக் கூறுகிறார்கள். பெரியார் கூற்றை மறுக்கும் தகுதி எனக்கில்லை. ஆயினும் எங்கள் பேரனைப் பார்த்துவிட்டு, ‘அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காப்பாற்றினான்’ என்று அவன் தாயின் செவிபடச் சொல்லிச் செல்லும் உறவினரைக் காணும்போது, பிறன் தலைமேல் நின்று செலுத்தும் அந்த நன்றி எனக்குக் கசக்கிறது. இப்னுல் ஜவ்ஸீக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்பு நைஸாபூரீ என்பவர் ‘உகலாவுல் மஜானீன்’ என்று வேறொரு நூல் எழுதினார். பித்தர்களுள் அறிவுடையோர் என்பது அதன் பெயர்ப்பொருள். அதில் புஹ்லூல் போன்ற பித்தர்கள் ஆட்சியாளர்களுக்கே விடைசொல்லி வாயடைக்கிறார்கள். ஒரே மரபில் இரண்டும் உள்ளன. சின்னத்திரை முன்னதன் வழியை மட்டும் அறிந்திருக்கிறது.

பட்டப்பெயரைப் பற்றி நம் ஹதீஸ் கலையில் ஒரு நுட்பம் உண்டு. திருமறையின் 49ஆம் அத்தியாயம், ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயரால் அழைப்பதையும் விலக்குகிறது. ஆனால் அறிவிப்பாளர் தொடரில் அஃமஷ், அஃரஜ், அஹ்வல் என்ற பெயர்களை நாள்தோறும் ஓதுகிறோம். கண் மங்கியவர், முடவர், மாறுகண்ணர் என்பன அவற்றின் பொருள். இன்னார் என்று அடையாளம் காண்பதற்காயின் கூடும், இழிவு கருதியாயின் கூடாது என்று அறிஞர்கள் வரம்பிட்டார்கள். அஃமஷ் என்று நாம் சொல்லும்போது எவரும் சிரிப்பதில்லை. அப்பெயர் கேட்டதும் சபை நிமிர்ந்து உட்காரும். ஏனெனில் அவர் என்ன அறிவித்தார் என்பதைக் கேட்கவே நாம் அமர்ந்திருக்கிறோம். பெருமானார் (ஸல்) அவர்கள் வாகனம் கேட்டு வந்தவரிடம் ஒட்டகையின் குட்டியைத் தருவதாகக் கூறி, அவர் குட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று திகைத்தபோது, எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகையின் குட்டிதானே என்று விளக்கிய நிகழ்ச்சி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. நேர்ப்பொருளை வைத்து எழுந்த நகைதான் அதுவும். வந்தவர் வாகனத்தோடு திரும்பினார்.

சட்டமும் இவ்வெல்லையைத் தேடத் தொடங்கியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எண்ணும் 21 வகைகளுள் மதியிறுக்கமும் ஒன்று. ‘ஆங்க் மிச்சோலி’ என்னும் இந்தித் திரைப்படத்தைக் குறித்து நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில், 2024 ஜூலை 8ஆம் நாள் உச்சநீதிமன்றம், ஊனமுற்றோரை இழிவாக்கும் நகைச்சுவையையும், ஊனத்தைப் புரிந்துகொள்ள முயலும் நகைச்சுவையையும் வேறுபடுத்திக் காட்டியது. சித்திரிக்கப்படுவோரைக் கலந்துகொண்டு சித்திரிக்க வேண்டும் என்றும் நெறி கூறியது. நல்ல தீர்ப்பு. ஆனால் துண்டுக் காட்சிக்கு முன்னும் பின்னும் வெட்டப்பட்டதை எந்த நீதிமன்றமும் ஒட்டித்தர இயலாது. அது பார்ப்பவர் வீட்டுக் கூடத்தில் நடக்க வேண்டிய வேலை.

எங்கள் வீட்டில் அது எப்படி நடக்கிறது என்றால், என் தமக்கையார் ஒரு பழைய கணக்கேட்டில் எழுதி வைக்கிறார்கள். இடப்பக்கம் பேரன் சொன்ன காட்சி. வலப்பக்கம் அப்போது அவனுக்கு என்ன வேண்டியிருந்தது என்பது. நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. சில வரிகளுக்கு வலப்பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. சுத்தியல் காட்சிக்கு நேரே ‘காது, தலை, பல் பார்க்கவும்’ என்று இருக்கிறது.

சென்ற மாதம் இக்கட்டுரையின் முதற்பகுதியை எழுதி, தமக்கையாருக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மெய்ப்பாட்டியல் முடிந்து பலாகாவுக்குள் நுழைந்திருந்தேன். நேரம் போனது தெரியவில்லை. மூலையில் இருந்த பேரன் தலையைத் தூக்காமலே, நெடுநேரம் அடிபட்டுத் திரும்பிய வடிவேலு சலித்துப்போய்ச் சொல்லும் ஒரு சொல்லைச் சொன்னான். பிறகு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். பார்த்துத் தானே சிரித்தான். தமக்கையார் கணக்கேட்டை எடுத்து, வலப்பக்கத்தில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார்கள். எள்ளல் என்று எழுதச் சொன்னேன்.